முதலில் கூடாரம்

எங்கள் வீட்டு வாசலில் மாமா கூடாரம் போட்ட அன்று, தாத்தா இறந்துவிட்டார் என்று எங்கள் சிற்றூரான லாயாங் லாயாங் முழுக்கச் செய்தி பரவியது. தாத்தா அந்த நேரத்தில் கொல்லைப்புறக் குழாயடியில் உட்கார்ந்து பல் துலக்கிக்கொண்டிருந்தார்.

செய்தியைப் பரப்பியவர்கள்மேல் குற்றமில்லை. காலையில் ஒரு வீட்டின் முன்னால் கூடாரம் எழுகிறது. லாரியிலிருந்து நாற்காலிகள் இறங்குகின்றன. இறக்குகிற ஆள் அந்த வீட்டுப் பெரியவரின் ஒரே மகன், அதுவும் புது மொட்டை. இதற்குமேல் தமிழர்கள் என்ன கேட்பார்கள்? ஒன்றும் கேட்காமல் வெளிர்நிறச் சட்டையாகப் பார்த்து மாற்றிக்கொண்டு வந்து, நாற்காலிகளில் தலை குனிந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

மாமா என் அம்மாவின் தம்பி. பக்கத்து நகரமான குளுவாங்கில் கூடாரம், நாற்காலி, மேசை எல்லாம் வாடகைக்கு விடும் தொழில் செய்தார். கல்யாணம், காதுகுத்து, கருமாதி, மலாய்க்காரர் வீட்டு விருந்து, சீனர் வீட்டுச் சாவு என்று எதுவானாலும் அவருடைய நீல லாரிதான் முதலில் போய் நிற்கும். குட்டையான ஆள். தொந்தி உண்டு. ஏணி உச்சியில் நின்றுகொண்டு கீழே இருப்பவர்களை அதட்டிப் பழகியதால் கைப்பேசியிலும் கத்தித்தான் பேசுவார். மழையில் நனைந்து வெயிலில் காய்ந்த கித்தான் வாசனை அவர் சட்டையிலேயே தங்கிவிட்டது. சட்டைப் பையில் எப்போதும் ஒரு சுருள் நைலான் கயிறு இருக்கும்.

அவருக்கு ஒரு குணம். எதையும் நடப்பதற்கு முன்பே கொண்டாடிவிடுவார். ஏன் இப்படி என்று கேட்டால் தொழிலையே நியாயமாக எடுத்து நீட்டுவார்.

"கூடாரத்தப் போட்டுட்டுத்தான் கல்யாணம் பண்ணுவாங்க. கல்யாணத்தப் பண்ணிட்டா கூடாரம் போடுவாங்க?"



தமிழ்ப்பள்ளியில் நான் படித்தபோது விளையாட்டுப் போட்டிக்கு அவருடைய கூடாரங்கள்தான் வரும். ஒருமுறை நானும் ஓட்டப் பந்தயத்தில் பெயர் கொடுத்திருந்தேன். கூடாரத்தோடு ஒரு ரோஜா மாலையையும் லாரியில் வைத்துக் கொண்டுவந்துவிட்டார் மாமா. நான் கடைசிக்கு முந்தி வந்தேன். எனக்குப் பின்னால் வந்தவள் நடுவில் கழன்ற செருப்பை எடுக்கத் திரும்பிப் போனவள். மாமா மாலையோடு மைதானத்துக்குள் இறங்கி நடந்தார்.

"ஐயா, இவ ஜெயிக்கலையே," என்றார் டீச்சர்.

"இன்னும் ஜெயிக்கல டீச்சர். அதுவரைக்கும் மாலை தாங்காது, வாடிப்போயிடும்."

மூச்சு வாங்க நின்ற என் கழுத்தில் மாலை விழுந்தது. முதலிடம் வந்தவளுக்கு ஒரு சிறிய கோப்பைதான். புகைப்படத்தில் பார்த்தால் யார் ஜெயித்தார்கள் என்று இன்றைக்கும் குழம்பும்.

நான் என்னவாக வேண்டும் என்று ஒரு வாரம் ஆசைப்பட்டாலும் போதும், அந்த வாரமே அந்த வேலையை எனக்குக் கொடுத்துவிடுவார். விமானம் ஓட்ட வேண்டும் என்று சொன்ன மாதத்தில் தன் வாடிக்கையாளர்களிடம் என்னை, "நம்ம பைலட்டு, அக்கா மக," என்றுதான் அறிமுகப்படுத்தினார். அடுத்து நான் மிருக டாக்டர் ஆனபோது அத்தையின் பூனையை என் மடியில் போட்டு, "டாக்டர், இதுக்கு ரெண்டு நாளா சாப்பாடு இறங்கல, பாருங்க," என்றார். நீங்க, வாங்க என்ற மரியாதையோடுதான் பேச்சு. எத்தனை மார்க் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. பாடம் சொல்லிக்கொடுத்ததும் இல்லை, அவருக்குத் தெரியவும் தெரியாது. என் வருங்காலம் ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது போலவும், எனக்குத்தான் செய்தி வந்து சேரவில்லை என்பது போலவும் நடந்துகொள்வார்.

எல்லாம் அவர் சொன்னபடி நடந்ததா என்றால், இல்லை. கல்யாணமான மாதமே மூவாருக்குப் போய், மரச்சாமான் செய்கிறவர்களிடம் சொல்லிக் கடைந்த கால்கள் வைத்த தொட்டில் ஒன்று வாங்கி வந்தாராம். மாமாவுக்கும் அத்தைக்கும் குழந்தை பிறக்கவில்லை. அந்தத் தொட்டிலில் என்னைப் போட்டார்கள், பிறகு என் தங்கையைப் போட்டார்கள். நாங்கள் வளர்ந்தபின் அது குளுவாங்குக்கே திரும்பிப் போய்க் கூடாரக் கயிறுகளைச் சுமந்தது. அத்தை அதைப் பற்றிச் சிரித்துக்கொண்டே சொல்வார்: "உங்க மாமாவுக்குத் தொட்டில் வாங்கத் தெரியும். யாருக்குன்னு மட்டும் கேக்கக்கூடாது." மாமாவும் சேர்ந்து சிரிப்பார். ஆனால் அந்தத் தொட்டிலுக்கு வருடம் ஒருமுறை வார்னிஷ் அடிப்பதை அவர் நிறுத்தவில்லை.

இப்போது அந்தக் கூடாரத்துக்கு வருகிறேன்.

எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் ஆறாம் வகுப்பைத் தாண்டியவர் யாரும் இல்லை. தாத்தா ரப்பர் தோட்டத்தில் பால் எடுக்கப் பால்மரம் வெட்டியவர். அப்பா எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை லாரி ஓட்டினார். நான் பல்கலைக்கழகத்துக்கு முந்தின ஆறாம் படிவம் வரை வந்து, பரீட்சை எழுதி, நில அளவைப் படிப்புக்கு மனு போட்டேன். அப்பா தடுக்கவில்லை. அவருக்குப் பயம் இருந்தது, அவ்வளவுதான். கிடைக்காமல் போனால் பெண் சும்மா உட்கார்ந்துவிடுவாள் என்று, தன் சித்தப்பா மகன் மூலமாகச் சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலையில் எனக்கு வேலை சொல்லி வைத்திருந்தார். எல்லை நகரமான ஜொகூர் பாருவில் தங்கிக்கொண்டு தினமும் பாலத்தைத் தாண்டிப் போய்வர வேண்டும்.

"இடம் கிடைச்சா படி. கிடைக்கலன்னா அடுத்த மாசம் மொத தேதி வேலை. அதுக்கப்புறம் அழக்கூடாது," என்றார் அப்பா. சரி என்றேன். வேறு என்ன சொல்வது?

இடம் கிடைத்ததா என்பது நண்பகல் பன்னிரண்டுக்கு இணையத்தில் தெரியும். மாமா அதற்கு முந்தின நாளே கோயிலுக்குப் போய் முருகனுக்கு மொட்டை போட்டுவிட்டார். வேண்டுதல் பலித்தபின் செலுத்துவதுதான் உலக வழக்கம். மாமாவுக்கு அது பிடிக்காது. "குடுத்தப்புறம் முடி குடுத்தா அவருக்கு என்ன அவசரம்? இப்ப முடி அவர்கிட்ட இருக்கு. பதில் சொல்லித்தான் ஆகணும்." மறுநாள் காலையில் லாரியோடு வந்துவிட்டார். இரண்டு அண்டா பாயசத்துக்குச் சாமான்களோடு அத்தையும் முன்சீட்டில் இருந்தார்.

சாவுக்கு வந்தவர்கள் உட்கார ஆரம்பித்தது அப்போதுதான். எங்களுக்கு அது தெரியாது. இத்தனை பேருக்கு என் படிப்பில் அக்கறையா என்று நான் உள்ளூரப் பூரித்துப்போனேன்.

பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாவை நாங்கள் மாச்சிக் என்று கூப்பிடுவோம். அவர் தலையில் வெள்ளைத் துணி போட்டுக்கொண்டு வந்து, அம்மாவின் கையைப் பிடித்து மலாயில் மெல்லக் கேட்டார்.

"எப்போ ஆச்சு?"

"இன்னும் ஆகல மாச்சிக். பன்னெண்டு மணிக்குத்தான்."

மாச்சிக்கின் முகம் வெளுத்தது. "பன்னெண்டு மணின்னு யார் சொன்னா?"

"கவர்மெண்டுதான்."

அவர் எங்கள் வீட்டுக் கதவையும் கூடாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த நேரத்தில்தான் தாத்தா தோளில் துண்டோடு வெளியே வந்தார். கூட்டம் எழுந்து நின்றுவிட்டது. தோட்டத்தில் அவரோடு மரம் வெட்டிய பழைய சிநேகிதர் ஒருவர் முன்வரிசையில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். தாத்தா நேராக அவரிடம் போனார்.

"ஏன்டா அழுவுற? யாரு போயிட்டா?"

சிநேகிதர் துண்டால் மூக்கைத் துடைத்தார். பிறகு, "நீதான்," என்றார்.

தாத்தா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். "அப்படியா? சரி, எல்லாருக்கும் காப்பி குடுத்தாங்களா?"

அதற்குப் பிறகு நடந்த கூச்சலை எழுத முடியாது. மாமாவை ஏசாதவர்கள் இல்லை. "மொட்டையும் கூடாரமும் ஒண்ணா காட்டுனா மனுஷன் என்னன்னு நெனைப்பான்?" என்று ஒருவர் அடிக்கவே போனார். மாமா தலையைத் தடவிக்கொண்டு, "நல்லதுன்னு நெனைக்கலாம்ல?" என்றார். ஏசினார்களே தவிர யாரும் எழுந்து போகவில்லை. வடை வந்துவிட்டது. தவிர, பன்னிரண்டு மணிக்கு என்னதான் ஆகும் என்று எல்லோருக்கும் தெரிய வேண்டியிருந்தது.

பன்னிரண்டு மணிக்கு நான் கைப்பேசியோடு கூடாரத்தின் நடுவில் நின்றேன். பக்கம் திறக்க மறுத்துச் சுற்றிக்கொண்டே இருந்தது. திறந்தபோது முதல் சொல்லே வருத்தம் என்றுதான் இருந்தது. இம்முறை இடமளிக்க இயலவில்லை என்பதை வருத்தத்துடன் தெரிவிக்கிறார்களாம்.

நான் படித்துக் காட்டவில்லை. என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார்கள். வருத்தம் தெரிவிக்க வந்திருந்த கூட்டத்துக்கு இப்போது ஒரு காரணமும் கிடைத்துவிட்டது. ஒவ்வொருவராக வந்து என் தலையைத் தொட்டார்கள். மாமா அண்டா பக்கம் போய், கரண்டியை எடுத்து எல்லோருக்கும் பாயசம் ஊற்ற ஆரம்பித்தார். எனக்கும் ஒரு டம்ளர் வந்தது. கண்ணீரும் பாயசமும் சேர்ந்து எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். உப்பு தெரியாது. அத்தை நிறையச் சர்க்கரை போடுவார்.

கூட்டம் கலைந்தபின் அப்பா சொன்னார், "மச்சான், கூடாரத்தப் பிரிச்சிடு."

"எதுக்கு மாமா?"

என் அப்பா அவருக்கு அக்கா புருஷன், அதனால் அவருக்கும் ஒரு மாமா உண்டு.

"எதுக்கா? கிடைக்கலன்னு சொல்லிட்டான்ல."

"கல்யாணம் தள்ளிப்போனா தேதியத்தான் மாத்துவாங்க. கூடாரத்தையா பிரிப்பாங்க?"

மேல்முறையீடு செய்யலாம் என்று நான் அப்போதுதான் வாயைத் திறந்தேன். பதில் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அதற்குள் ஒன்றாம் தேதி வந்துவிடும். அப்பா என்னைப் பார்த்தார். மாமா கூடாரத்தின் ஒரு கயிற்றை இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டிவிட்டு, "பாத்தீங்களா, கூடாரத்துக்கு இன்னும் வேலை இருக்கு," என்று லாரியில் ஏறிப் போய்விட்டார். அந்த வாரக் கல்யாணத்துக்குப் போக வேண்டிய கூடாரம் அது. அவருக்குப் போட்டியாகத் தொழில் செய்த, தவுக்கே என்று எல்லோரும் கூப்பிடும் சீன முதலாளியிடம் பேசி அந்தக் கல்யாணத்தை ஒப்பேற்றினார் என்பது பிற்பாடுதான் எங்களுக்குத் தெரிந்தது.

இப்படியாக எங்கள் வாசலில் ஒரு கூடாரம் தங்கிவிட்டது. முதல் சில நாட்கள் அதன் அடியில் போகவே எனக்கு வெட்கமாக இருந்தது. பிறகு மழை பிடித்துக்கொண்டது. தாமான் என்கிற எங்கள் குடியிருப்பின் பிள்ளைகள் பூப்பந்து விளையாட அங்கே வந்தார்கள். அம்மா துணி காயப்போட்டார். மாச்சிக் சாயங்காலத்தில் மேசை போட்டு வாழைப்பழம் பொரித்து விற்க ஆரம்பித்தார், எங்களுக்குத் தினமும் ஒரு தட்டு வரும். தாத்தாவும் அவர் சிநேகிதரும் காலையிலேயே வந்து இடம் பிடித்து, சாவுக்கு வராமல் போனவர்கள் யார் யார் என்று ஆராய்வார்கள். மாமா அவ்வப்போது வந்து முடிச்சுகளைச் சோதிப்பார். பதில் வந்ததா என்று கேட்கமாட்டார். "காத்து ஜாஸ்தி, இல்ல சர்வேயர்?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போவார்.

அப்பா வேலை முடிந்து வந்து வாசலில் லாரியை நிறுத்தினால் கூடாரத்தில்தான் உட்கார வேண்டும். சாலையில் மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் நின்று விசாரிப்பார்கள். நான் ஜன்னலுக்குப் பின்னால் இருந்து கேட்பேன்.

"என்னண்ணே, வீட்டுல விசேஷமா?"

"ஒண்ணும் இல்ல. மச்சானோட கூத்து."

முதல் வாரம் முழுக்க அப்பாவின் பதில் இதுதான். அடுத்த வாரத்தில், "பொண்ணு மேல படிக்க மனு போட்டிருக்கா," என்று மாறியது. அதற்குப் பிறகு ஒருநாள் மழையில் ஒதுங்கிய யாரோ முன்பின் தெரியாத ஆள் கேட்டபோது அப்பா சொன்னார்:

"பொண்ணு யூனிவர்சிட்டிக்குப் போறா. நெலம் அளக்குற படிப்பு. பதில் வரணும், அவ்வளவுதான்."

போறா என்றார். போனாலும் போவாள் என்றோ, கிடைத்தால் போவாள் என்றோ சொல்லவில்லை. நான் ஜன்னலை விட்டு நகர்ந்து அடுப்படிக்குப் போய்விட்டேன்.

ஒன்றாம் தேதி நெருங்கியது. அப்பாவின் சித்தப்பா மகன் கூப்பிட்டார். அப்பா கூடாரத்துக்குள் நடந்துகொண்டே பேசினார். "இல்லடா, இப்ப அனுப்ப முடியாது. வாசல்ல கூடாரம் நிக்குது. கூடாரம் போட்ட வீட்டுலேருந்து பொண்ண ஃபேக்டரிக்கு அனுப்புனா நாலு பேரு என்ன நெனைப்பாங்க? வேற யாருக்காச்சும் குடுத்துடு." பேசி முடித்தபின் அவர் மாமாவைத் திட்டினார். ஆனால் திட்டிக்கொண்டே தொய்ந்திருந்த ஒரு கயிற்றை இழுத்துக் கட்டினார்.

மேல்முறையீட்டில் எனக்கு இடம் கிடைத்தது. அன்று மாமா மூவாரில் ஒரு கல்யாண வேலையில் இருந்தார். கைப்பேசியில் சொன்னேன்.

"எனக்குத்தான் தெரியுமே," என்று கத்தினார். "சரி சரி, இங்க ஏணி மேல நிக்கிறேன், அப்புறம் பேசு." வைத்துவிட்டார். ஏணியிலிருந்து இறங்கிக் கித்தான் குவியல்மேல் உட்கார்ந்தவர் வெகுநேரம் எழுந்திருக்கவே இல்லை என்று அத்தை பிறகு சொன்னார். கல்யாண வீட்டுக்காரர்களே கூடாரத்தைத் தூக்கி நிறுத்தினார்களாம்.

சாயங்காலம் வந்தார். ஏதாவது பெரிதாகச் செய்வார் என்று எதிர்பார்த்தோம். வந்ததும் முடிச்சுகளை அவிழ்க்க ஆரம்பித்தார்.

"என்ன மாமா, இன்னிக்குத்தானே கிடைச்சிருக்கு," என்றேன்.

"அதான் கிடைச்சிருச்சே. இனிமே எதுக்குக் கூடாரம்? விருந்துதான் அன்னிக்கே போட்டாச்சு." மாச்சிக்குக்குத்தான் வருத்தம். அவருக்கு நல்ல வியாபாரம்.

நான் மூன்றாம் வருடம் படித்துக்கொண்டிருந்தபோது தாத்தா நிஜமாகவே காலமானார். வாசலில் கூடாரம் எழுந்தது, மாமா மொட்டை போட்டுக்கொண்டார். காலையில் ஒருவரும் வரவில்லை. "இந்த வாட்டி பொண்ணு என்ன பாஸ் பண்ணுது?" என்று கைப்பேசியில் கேட்டார்கள். வந்து, தாத்தாவை நடுவில் பார்த்தபின்தான் நம்பினார்கள். அவ்வளவு அழுகையிலும் மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்பா கேட்டிருந்தா சிரிச்சிருப்பாரு," என்று சொல்லிச் சொல்லி அழுதார்.

படிப்பை முடித்து வேலைக்கு வந்ததும் எனக்கு முதலில் கிடைத்ததே லாயாங் லாயாங் பக்கத்துத் தோட்டம்தான். தாத்தா மரம் வெட்டிய மண். பால்மரம் போய்ச் செம்பனை வந்திருந்தது. அதன் எல்லையை நான் அளந்தேன். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது. மாமா சாப்பாட்டோடு அங்கே வந்து, தோட்டத்து மேனேஜரிடம், "இவங்க வருங்கால டத்தோ," என்றார். டத்தோ என்பது சுல்தான் தரும் பட்டம். மேனேஜர் சிரித்து, "டத்தின்னு சொல்லுங்க," என்றார். மாமா விடவில்லை. "டத்தின் புருஷனால வர்றது. இவங்களே டத்தோ."

போன வருடம் மாமா தூக்கத்திலேயே போய்விட்டார். முன்கூட்டியே ஒன்றும் சொல்லாமல் அவர் செய்த காரியம் அது ஒன்றுதான். சீனத் தவுக்கே தன்னிடம் இருந்ததிலேயே நல்ல கூடாரத்தைக் கொண்டுவந்து, வேறு யாரையும் தொடவிடாமல் தானே கட்டினார். தொழிலை இப்போது அத்தை பார்த்துக்கொள்கிறார்.

இன்று காலையில் அப்பா தலையில் தொப்பியோடு வெளியிலிருந்து வந்தார். வந்ததும் அத்தையைக் கைப்பேசியில் கூப்பிட்டார்.

"தங்கச்சி, வீட்டுக்கு ஒரு கூடாரம் அனுப்பு. இன்னிக்கே வேணும்."

"என்ன விசேஷம்ண்ணே?"

"இன்னும் ஒண்ணும் இல்ல. அதான்."

பிறகு தொப்பியைக் கழற்றினார். மொட்டை. சந்தனம்கூட இன்னும் காயவில்லை. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினார். மேல்படிப்புக்கு மனு போட்டிருக்கும் என் தங்கை, "அப்பா, கிடைக்கலன்னா?" என்றாள்.

"கிடைக்கலன்னா கூடாரம் இருக்கட்டும்," என்றார் அப்பா.

நீல லாரி வந்து நின்றதும் மாச்சிக் வேலியோரம் வந்து எட்டிப் பார்த்தார். யார் இறந்தது என்று கேட்கவில்லை. "இந்த வாட்டி யாரு?" என்றார். சின்னவள் என்றேன். வாணலியையும் மேசையையும் எடுத்துவர உள்ளே போனார்.

முடிவு நாளை நண்பகல்தான் தெரியும். பாயசம் இன்றே தீர்ந்துவிட்டது.